தூதரகத்தின் கன்சுலர் கவுண்டர்: எதை நம்பிப் போகலாம்?

வெளிநாட்டில் தூதரகப் படியேறும் பெரும்பாலோர் தூதரின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தூதரகம் என்றால் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதன் அடியில் காகிதம் தள்ளும் சந்து, மறுபுறம் உட்கார்ந்திருக்கும் கன்சுலர் ஊழியர் (தன் நாட்டுக் குடிமக்களுக்கான காகித வேலையும் உதவியும் பார்ப்பவர்), அவ்வளவுதான். தொலைந்த பாஸ்போர்ட், ஊரில் இருக்கும் வீட்டை விற்பதற்கான அதிகாரப் பத்திரம், வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பதிவு, ஜெயிலில் இருப்பவரைப் பற்றிய விசாரிப்பு, இறந்தவரின் உடலை அனுப்பும் ஏற்பாடு எல்லாமே அந்தச் சந்து வழியாகத்தான் போய்வருகின்றன.

இந்தச் சேவையைப் பற்றிப் பொதுவாகப் பேசப்படும் இரண்டு பேச்சும் பிழை. “தூதரகம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நடந்துவிடும்” என்று நம்பிப் போகிறவர் மனமுடைந்து திரும்புகிறார். “அங்கே போய் என்ன ஆகப்போகிறது” என்று போகாமலே இருந்துவிடுபவர் தனக்குக் கிடைக்க வேண்டியதை விட்டுவிடுகிறார். நேராகச் சொன்னால், காகித வேலையில் இது நல்ல சேவை; தயாராகப் போகிறவருக்கு மிக நல்ல சேவை. கைது, மரணம் போன்றவற்றில் பொறுப்பிலிருக்கும் அதிகாரி எவ்வளவு விடாப்பிடியாகக் கேட்கிறார் என்பதைப் பொறுத்து அமையும். பணத்துக்கும் வழக்குக்கும் இதை நம்பியிருக்கக் கூடாது.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. கன்சுலர் உறவுகள் பற்றிய 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, தன் 5-ஆம் பிரிவில் கன்சுலர் அதிகாரியின் வேலைகளை 13 இனங்களாகப் பட்டியலிடுகிறது. தன் நாட்டுக் குடிமக்களுக்கு உதவுவது, பாஸ்போர்ட்டும் பயண ஆவணமும் வழங்குவது, நோட்டரியாகவும் பதிவாளராகவும் செயல்படுவது எல்லாம் அதில் உண்டு. அதே உடன்படிக்கையின் 55-ஆம் பிரிவு, தங்கியிருக்கும் நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டும், அதன் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்கிறது. ஆகவே அந்த நாட்டுப் போலீஸுக்கோ நீதிமன்றத்துக்கோ குடியேற்ற அலுவலகத்துக்கோ கன்சுலர் அதிகாரி உத்தரவிட முடியாது. கேட்கலாம், எழுதிக் கேட்கலாம், பதில் வராவிட்டால் மறுபடி கேட்கலாம். நல்ல கன்சுலர் பிரிவையும் சுமாரான கன்சுலர் பிரிவையும் பிரித்துக் காட்டுவது அந்த “மறுபடி”தான்.

முதலில் எந்தக் கதவு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தூதரகம் தலைநகரில் இருக்கும். மற்றப் பெருநகரங்களில் துணைத் தூதரகங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் இன்னின்ன மாநிலங்கள், மாவட்டங்கள் என்று எல்லை உண்டு. முகவரி அந்த எல்லைக்கு வெளியே இருந்தால் விண்ணப்பத்தை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒரு நாள் பயணம் வீணாகும். கௌரவ கன்சல் என்ற பலகை தொங்கும் அலுவலகம் பக்கத்தில் இருந்தாலும் அங்கே பாஸ்போர்ட் கிடைப்பது அரிது. அவர் பெரும்பாலும் அந்த ஊரிலேயே தொழில் செய்பவர், பகுதி நேரமாக உதவுபவர். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்க, உள்ளூர்ப் போலீஸிடம் பேச அவரைவிடப் பயனுள்ளவர் இல்லை. முத்திரை வேலைக்குப் பெரிய அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

தொலைந்த பாஸ்போர்ட்

இந்தச் சேவை சிறப்பாக நடக்கும் இடம் இது. போவதற்கு முன் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து எழுத்து மூலமான நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பாஸ்போர்ட்டின் படப் பக்க நகல், அந்த நாட்டு விசா அல்லது நுழைவு முத்திரை இருந்த பக்கத்தின் நகல், குடியுரிமையைக் காட்டும் வேறொரு சான்று, பயணச்சீட்டு, புகைப்படம் ஆகியவை வேண்டும். புகைப்படத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பல நாடுகள் 35-க்கு 45 மில்லிமீட்டர் கேட்கின்றன. அமெரிக்கா 2 அங்குலச் சதுரம் கேட்கிறது. தெருமுனை ஸ்டூடியோக்காரர் தன் நாட்டு அளவில் எடுத்துக் கொடுத்துவிடுவார். அளவை எழுதிக் காட்டி எடுத்துக்கொள்வது நல்லது.

முழு பாஸ்போர்ட் வேண்டுமா, அவசரப் பயணச் சான்று போதுமா என்பது அடுத்த கேள்வி. சிப் பொருத்திய முழு பாஸ்போர்ட்டைப் பல நாடுகள் தாய்நாட்டில் ஒரே இடத்தில்தான் அச்சிடுகின்றன. அது அச்சாகித் தூதரகப் பையில் வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம். சிறிய தூதரகங்களுக்கு அந்தப் பை தினமும் வருவதில்லை, தாமதத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். அவசரச் சான்றை அங்கேயே தயாரித்துவிடுவார்கள். ஆனால் அது பெரும்பாலும் ஒருமுறைப் பயணத்துக்கு மட்டும், அதுவும் ஊர் திரும்புவதற்கு மட்டும். சிப் இல்லாததால் வழியில் விமானம் மாறும் நாடு அதை ஏற்காமல் போகலாம். உதாரணமாக, சில நாட்டினரை விசா இல்லாமல் அனுமதிக்கும் அமெரிக்காவின் விசா விலக்குத் திட்டம் சிப் உள்ள பாஸ்போர்ட்டுக்கு மட்டுமே பொருந்தும்; அங்கே விமானம் மாறுவதாக இருந்தாலும் அதே கதைதான். எனவே சான்று கையில் வந்ததும் நேரடி விமானமா என்று பாருங்கள். இல்லையென்றால் மாறும் நாட்டின் விதியை விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கவுண்டரில் சொல்ல மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. நுழைவு முத்திரை தொலைந்த பாஸ்போர்ட்டில் போய்விட்டது. புதுச் சான்றில் அது இல்லை. “நீ எப்போது, எப்படி உள்ளே வந்தாய்” என்று விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். பல நாடுகளில் குடியேற்ற அலுவலகத்துக்குப் போய் வெளியேறும் அனுமதியோ மாற்று விசாவோ வாங்கிய பிறகே கிளம்ப முடியும், அதற்கு ஓரிரு வேலை நாள் பிடிக்கும். இதை முதல் நாளே எடுத்துச் சொல்லும் ஊழியர் இருக்கும் அலுவலகம் நல்ல அலுவலகம்.

தொலைந்ததாகப் பதிவான பாஸ்போர்ட் பிறகு பெட்டியின் அடியிலிருந்து கிடைத்தாலும் அதில் பயணம் செய்யாதீர்கள். அதன் எண் ரத்தாகி, இன்டர்போல் 2002-இல் தொடங்கிய தொலைந்த, திருடுபோன பயண ஆவணங்களின் தரவுத்தளத்துக்குப் போயிருக்கும். எல்லையில் ஸ்கேன் செய்ததும் எச்சரிக்கை காட்டும். கிடைத்ததைத் தூதரகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும்.

சான்றொப்பமும் முத்திரையும்

அதிகாரப் பத்திரம், உயிர்ச் சான்று, உறுதிமொழிப் பத்திரம் இவற்றுக்கு வருகிறவர்கள் செய்யும் பொதுவான பிழை, வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு வருவது. அதிகாரி சான்று சொல்வது பத்திரத்தில் எழுதியிருப்பது சரி என்று அல்ல, இன்னார் என் கண்முன் கையெழுத்திட்டார் என்பதை. ஆகவே கையெழுத்து அவர் முன்னால் விழ வேண்டும். பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் ஓர் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும், தலைப்பெழுத்தும் சேர்த்து. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து வேண்டும். சாட்சி கேட்பார்களா, எத்தனை பேர், அவர்கள் எந்த அடையாள அட்டையோடு வர வேண்டும் என்பதை அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

முத்திரை குத்துவதைக் கூர்ந்து பார்த்தால் அந்த வேலையின் அக்கறை தெரியும். நல்ல ஊழியர் பக்கங்களை விசிறிபோல் லேசாக விரித்து, ஒரே முத்திரை எல்லாப் பக்க ஓரத்திலும் துண்டு துண்டாக விழும்படி குத்துவார். பின்னாளில் யாராவது நடுவில் ஒரு பக்கத்தை மாற்றினால் வட்டம் சேராது. இதனால்தான் ஸ்டேப்ளர் ஊசியைப் பிரித்து நகல் எடுக்காதீர்கள் என்று சொல்கிறார்கள். ஊசி போட்ட இடத்தில் இரண்டு ஜோடித் துளை தெரிந்தாலே பதிவு அலுவலகத்தில் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பக்கூடும். நகல் வேண்டுமென்றால் பிரிக்காமல் மடித்து வைத்தே எடுங்கள்.

ஒரு நாட்டின் ஆவணம் இன்னொரு நாட்டில் செல்லும்படி அதன் கையெழுத்தை உறுதிசெய்யும் அப்போஸ்டில் என்ற சான்றிதழ் பற்றியும் இங்கே குழப்பம் அதிகம். 1961 அக்டோபர் 5 தேதியிட்ட ஹேக் உடன்படிக்கை, உறுப்பு நாடுகளுக்கிடையே தூதரகச் சான்றொப்பச் சங்கிலியை நீக்கி ஒரே சான்றிதழை வைத்தது. எண்ணிட்ட பத்து இனங்கள் கொண்ட சதுரம் அது, பக்கம் ஒவ்வொன்றும் குறைந்தது 9 சென்டிமீட்டர். அதைத் தருவது ஆவணம் பிறந்த நாட்டின் அதிகாரி. உங்கள் தூதரகம் அந்த நாட்டு ஆவணத்துக்கு அப்போஸ்டில் தர முடியாது. அந்த உடன்படிக்கை, கன்சுலர் அதிகாரி எழுதிக் கொடுத்த ஆவணத்தைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது என்பதால் அவருடைய கையெழுத்துக்கு அப்போஸ்டில் வாங்கவும் முடியாது. இந்த இரண்டு வரி தெரியாமல் அலுவலகம் அலுவலகமாக அலைகிறவர்கள் ஏராளம். நாடுகளின் பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கிறது. சீனாவுக்கு 2023 நவம்பரிலும் கனடாவுக்கு 2024 ஜனவரியிலும்தான் அது நடைமுறைக்கு வந்தது. பழைய அனுபவத்தை வைத்துக்கொண்டு யாராவது வழி சொன்னால் தேதியைப் பாருங்கள்.

கைதானவரைப் பார்ப்பது

எதிர்பார்ப்புக்கும் கிடைப்பதற்கும் பெரிய தூரம் இருப்பது இங்கேதான். 1963 உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவின்படி, கைதானவரிடம் “உங்கள் தூதரகத்துக்குச் சொல்லவா” என்று தாமதமின்றிக் கேட்க வேண்டும். அவர் ஆம் என்றால் தெரிவிக்க வேண்டும். அதிகாரி அவரை நேரில் பார்க்கலாம், கடிதம் எழுதலாம், வக்கீல் வைக்க உதவலாம். வக்கீலாக வாதாட முடியாது, ஜாமீன் கட்ட முடியாது, விடுதலை வாங்கித் தர முடியாது.

எழுத்தில் இருக்கும் இந்த உரிமை நடப்பில் அடிக்கடி தவறியிருக்கிறது. அமெரிக்காவில் மரண தண்டனை பெற்ற இரு ஜெர்மானியச் சகோதரர்களுக்கு இதை உரிய நேரத்தில் சொல்லவில்லை. இருவருக்கும் 1999-இல் தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஜெர்மனி தொடுத்த வழக்கில் 2001-இல் சர்வதேச நீதிமன்றம், 36-ஆம் பிரிவு நாடுகளுக்கு மட்டுமல்ல, கைதான தனிமனிதருக்கும் உரிமை தருகிறது என்று தீர்ப்பளித்தது. 2004-இல் மெக்சிகோவின் வழக்கும் 2019-இல் பாகிஸ்தானுக்கு எதிரான இந்தியாவின் வழக்கும் அதே பிரிவை ஒட்டியவைதான். எனவே கைதாகும்போது தூதரகத்தை வாய்விட்டுக் கேளுங்கள். கேட்ட நேரத்தையும் யாரிடம் கேட்டீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சந்திப்பு எப்படி நடக்கும்? நல்ல அதிகாரி ஒரு படிவத்தோடு வருவார். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், தினமும் எடுக்கும் மருந்து கிடைக்கிறதா, யாராவது அடித்தார்களா, வக்கீல் பெயர் என்ன, அடுத்த வாய்தா எப்போது, மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா, புரியாத மொழியில் ஏதாவது கையெழுத்துப் போட்டீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அடித்தார்கள் என்று சொன்னால், புகார் எழுதலாமா என்று கைதானவரிடமே கேட்டு, அவர் சம்மதித்தால்தான் எழுதுவார். ஏனென்றால் அதிகாரி மாலையில் திரும்பிவிடுவார், கைதானவர் அங்கேயே இருக்கப் போகிறவர். கடைசிக் கேள்வி, வீட்டுக்குச் சொல்லலாமா? சம்மதக் கையெழுத்து இல்லாமல் பல நாடுகளின் அதிகாரிகள் குடும்பத்திடம் ஒரு வரிகூடச் சொல்ல மாட்டார்கள். ஊரிலிருந்து தாய் பத்து முறை போன் செய்தும் பதில் இல்லையென்றால், பெரும்பாலும் காரணம் இந்தக் கையெழுத்து. குடும்பம் கேட்க வேண்டியது “எங்கே இருக்கிறான்” என்பதை அல்ல. “சம்மதப் படிவத்தை அவனிடம் கொடுத்தீர்களா, எந்தத் தேதியில்?” என்று கேளுங்கள்.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் இரண்டு நாடுகளின் குடிமகனாக இருந்தால், அவற்றில் ஒன்றுக்கு எதிராக மற்ற நாடு அவருக்குப் பாதுகாப்புக் கோர முடியாது என்று 1930 ஹேக் உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. இன்றும் பல நாடுகள் அதைப் பிடித்துக்கொண்டு கன்சுலர் சந்திப்பையே மறுக்கின்றன. எந்தப் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே நுழைந்தோம் என்பது அப்போது பெரிய கேள்வியாகிவிடும்.

மரணம்

உடலை ஊருக்கு அனுப்பும் வேலைதான் கன்சுலர் பிரிவின் மிகக் கனமான வேலை, அதைச் சரியாகச் செய்யும் அலுவலகத்துக்குக் கை கூப்பலாம். வரிசை பொதுவாக இப்படி: மருத்துவமனையின் மரண அறிக்கை, இயற்கை மரணம் இல்லையென்றால் போலீஸின் ஆட்சேபமின்மைக் கடிதம், உள்ளூர்ப் பதிவாளரின் இறப்புச் சான்று, தேவையானால் அதன் மொழிபெயர்ப்பு, உடலைப் பதப்படுத்திய சான்று, பெட்டியை மூடி முத்திரையிட்ட சான்று, பாஸ்போர்ட்டை ரத்து செய்த முத்திரை, கடைசியாகத் தூதரகத்தின் அனுமதிக் கடிதம். இவை எல்லாம் சேர்ந்த பிறகே விமானச் சரக்குச் சீட்டு. உட்புறம் துத்தநாகத் தகடு வைத்துப் பற்றவைத்த பெட்டியைப் பல நாடுகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஐரோப்பிய நாடுகள் பலவற்றிடையே 1973 ஸ்ட்ராஸ்பர்க் ஒப்பந்தப்படி உடலுக்கென்று தனிப் பயணச் சான்றே உண்டு.

எங்கே தாமதமாகிறது? பெரும்பாலும் பெயரில். மருத்துவமனை ஒரு மாதிரி எழுதியிருக்கும், பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருக்கும், அடுத்த ஒவ்வொரு அலுவலகமும் அதே தவறைச் சுமந்துகொண்டு போகும். முதல் காகிதத்திலேயே எழுத்துக்கூட்டைச் சரிபார்க்கச் சொன்னால் ஒரு வாரம் மிச்சமாகும். அடுத்தது வார விடுமுறை. மூன்றாவது, குடும்பத்திலிருந்து நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வது. முடிவெடுப்பவர் ஒருவர் என்று எழுதிக் கொடுத்து, அவருடைய எண்ணை மட்டும் கொடுங்கள். அங்கேயே தகனம் செய்து அஸ்தியை எடுத்துவருவது காகித அளவில் எளிது. தகனச் சான்றும் தூதரகக் கடிதமும் பெரும்பாலும் போதும். ஆனால் அது குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு, செலவு குறைவு என்று சொல்லி அதிகாரி அந்தப் பக்கம் தள்ளக் கூடாது.

செலவை யார் ஏற்பது? பயணக் காப்பீடு, வேலை தந்தவர், குடும்பம் என்ற வரிசையில்தான் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிக் கட்டணம், ஓட்டல் வாடகை, வக்கீல் கட்டணம் எதையும் தூதரகம் கட்டுவதில்லை. சில நாடுகள் திரும்பும் பயணத்துக்குக் கடன் தரும், எழுதி வாங்கிக்கொண்டு. காப்பீடு இல்லாமல் போகாதீர்கள் என்று கன்சுலர் அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது.

போர் மூண்டால், தூதரகமே இல்லாவிட்டால்

தூதரகங்களும் மூடப்படும். 2023 ஏப்ரலில் சூடானில் சண்டை தொடங்கியபோது, விசாவுக்காகக் கொடுத்த பாஸ்போர்ட்கள் மூடிய தூதரகங்களுக்குள்ளே மாட்டிக்கொண்டு, உயிர் தப்பி ஓட வேண்டியவர்கள் ஆவணமில்லாமல் தவித்தார்கள். பதற்றமான இடத்தில் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தால் ரசீதும் எல்லாப் பக்க நகலும் கட்டாயம் கையில் இருக்க வேண்டும். தூதரகத்தின் பதிவேட்டில் பெயர் சேர்ப்பதும் முக்கியம். ஆட்களை வெளியேற்றும்போது அது இடம் உறுதியான பயணச்சீட்டு ஆகாது, ஆனால் ஒன்றுகூட வேண்டிய இடமும் நேரமும் அந்தப் பட்டியலில் உள்ள எண்களுக்குத்தான் முதலில் போகும். ஊர் மாறினால் பதிவை மாற்றுங்கள்.

உங்கள் நாட்டுத் தூதரகமே அங்கே இல்லையென்றாலும் வழி இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் வேறெந்த உறுப்பு நாட்டின் தூதரகத்திலும் உதவி கேட்கலாம். கனடாவும் ஆஸ்திரேலியாவும் சில நாடுகளில் ஒன்றுக்கொன்று இந்த வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. 1980 முதல் ஈரானில் அமெரிக்க நலன்களைப் பார்த்துக்கொள்வது சுவிட்சர்லாந்து.

கண்ணாடியின் மறுபுறம்

சேவை சீராக இல்லாததற்கு உள்ளே ஒரு காரணம் இருக்கிறது. தாய்நாட்டிலிருந்து வரும் அதிகாரி பொதுவாக மூன்று, நான்கு ஆண்டுகளில் மாற்றலாகிவிடுவார். எந்தச் சிறை அதிகாரி காலையில் போன் எடுப்பார், எந்தப் பிணவறையில் சனிக்கிழமை ஆள் இருப்பார் என்பதெல்லாம் அவர் கற்றுத் தேறும்போது பெட்டி கட்ட வேண்டியிருக்கும். அந்த அறிவைத் தாங்கி நிற்பவர்கள் அங்கேயே வேலைக்கு எடுக்கப்பட்ட உள்ளூர் ஊழியர்கள். கவுண்டரில் அவர்களைத் தாண்டி “அதிகாரியைக் கூப்பிடுங்கள்” என்று கத்துகிறவர்கள் தங்களுக்கு மிகவும் உதவக்கூடியவரையே ஒதுக்குகிறார்கள். அதிகாரி மாறும்போது ஒப்படைப்புக் குறிப்பில் உங்கள் விஷயம் ஏறினால்தான் அடுத்தவர் தொடருவார். கேஸ் நம்பர் கேட்டு வாங்குங்கள். அதைக் குறிப்பிட்டு ஒரே மின்னஞ்சல் தொடரில் எழுதுங்கள். மாற்றல் காலத்தில் இன்னொரு முறை எழுதுங்கள்.

அலுவலக நேரம் முடிந்த பிறகு அவசர எண் டூட்டி ஆபீஸர் கையில் இருக்கும். விசா எப்போது வரும் என்று நள்ளிரவில் அந்த எண்ணுக்குக் கேட்பவர்களால், ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்பு காத்திருக்க நேர்கிறது. உண்மையான அவசரம் என்றால், வணக்கம் சொன்ன கையோடு நீங்கள் இருக்கும் இடத்தையும் திரும்பக் கூப்பிட வேண்டிய எண்ணையும் சொல்லிவிடுங்கள். பிறகு முழுப் பெயர், பாஸ்போர்ட் எண். என்ன நடந்தது என்பதை அதற்கப்புறம் சொல்லலாம். பாதியில் சார்ஜ் தீர்ந்து அழைப்பு அறுந்தாலும், எங்கே தேட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.